அத்தை படித்த பலகை

இரண்டு மாப்பிள்ளை வீட்டார் அத்தையைப் பெண் பார்க்க வந்து, கேசரியும் பஜ்ஜியும் சாப்பிட்டு, சொல்லி அனுப்புகிறோம் என்று போனவர்கள் ஒன்றும் சொல்லி அனுப்பவில்லை. தெருவே எங்களிடம் துக்கம் விசாரித்தது. அதனால் மூன்றாவது இடத்துக்கு அம்மா வேறு ஏற்பாடு செய்தாள். குளத்தங்கரைப் பூங்காவில் தற்செயலாகச் சந்தித்துக்கொள்வது. பிடித்திருந்தால் வீட்டுக்கு வருவார்கள். பிடிக்காவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. அப்போது திண்டுக்கல்லில் எங்களைப் போன்ற பல வீடுகளில் இந்த வழக்கம் வந்திருந்தது.

அத்தை அப்பாவின் தங்கை. பெண் பத்தாவதாவது படித்திருக்க வேண்டும் என்று மாப்பிள்ளை வீட்டில் கேட்டிருந்தார்கள். படித்திருக்கிறாள் என்று அம்மா கூசாமல் சொல்லிவிட்டாள். உண்மையில் அத்தை பள்ளிக்கூட வாசலை மிதித்ததில்லை. நடக்கத் தெரிந்ததும் மல்லிகைக் காட்டுக்குப் பூப்பறிக்க அனுப்பப்பட்டவள். எங்கள் வீட்டில் எழுத்துத் தெரிந்தவள் மூன்றாம் வகுப்பில் இருந்த நான் ஒருத்திதான். அந்தப் பெருமையை என்னால் சும்மா வைத்திருக்க முடியவில்லை. கடைப் பெயர், சுவர் விளம்பரம், பஸ்ஸில் எழுதியிருப்பது என எதைக் கண்டாலும் உரக்கப் படிப்பேன். தெருப் பிள்ளைகள் என்னைக் கண்டதும், “டீச்சரம்மா வருது, எல்லாரும் கையக் கட்டுங்கடா” என்று சொல்லிவிட்டு ஓடிவிடுவார்கள். யாரும் விளையாட்டில் சேர்க்காததால், சாயங்காலங்களில் எனக்கு அத்தையும் குளமும்தான்.

பங்குனியில் தண்ணீர் நடுவில் ஒதுங்கி, சுற்றிலும் சேறு தெரியும். அந்தச் சேற்றின் ஓரமாக உள்ளான்கள் ஓடும். மண் நிறத்தில் சின்னச் சின்னப் பறவைகள். அசையாமல் இருந்தால் கண்ணுக்கே தெரியாது. ஊசியால் தைப்பதுபோல் விடாமல் சேற்றைக் குத்திக்கொண்டே போகும். எதற்கோ பயந்து ஒரே நேரத்தில் எழுந்து திரும்பும்போது, எல்லாம் சேர்ந்து வெள்ளையாக மின்னிவிட்டு மறுபடி சேற்றோடு கலந்துவிடும். கரையில் அவற்றைப் பற்றி ஒரு பலகை வைத்திருந்தார்கள். தினமும் நான் அதைப் படிப்பேன், அத்தை கேட்பாள்.

“ஐப்பசியில் வடதேசத்திலிருந்து வரும். சேற்றிலுள்ள புழு பூச்சிகளைத் தின்னும். கோடை தொடங்குமுன் திரும்பிச் செல்லும். இங்கே கூடு கட்டுவதில்லை.”

“இன்னொரு வாட்டி படி பாப்பா” என்பாள் அத்தை. இத்தனை ஆர்வமுள்ள மாணவி எந்த டீச்சருக்கும் கிடைத்திருக்க மாட்டாள் என்று நினைத்துக்கொள்வேன். “வழியெல்லாம் யாரு அதுக்குத் தொணை?” என்று ஒருநாள் கேட்டாள். பலகையில் அது போடவில்லை என்று கண்டிப்பாகச் சொன்னேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அத்தை பட்டுச்சேலை கட்டியிருந்தாள். உள்ளான் பார்க்க எதற்குப் பட்டு என்று கேட்டேன். “பேசாம வா. பிள்ளைக்குப் பறவை காட்ட வந்தோம், அம்புட்டுத்தான்” என்றாள் அம்மா.

பூங்காவில் எங்களுக்கு முன்பே மூன்று பேர் நின்றிருந்தார்கள். ஒரு பெரியம்மாள், நடு வயதில் அவர் மகள், சட்டைப் பையில் பேனா வைத்திருந்த மகன். அவர் அத்தையைப் பார்க்கவே இல்லை; குளத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அம்மாவும் பெரியம்மாளும், “அட, நீங்களா” என்று ஒருவரையொருவர் கண்டு ஆச்சரியப்பட்டார்கள். கொஞ்ச நேரம் வெயிலைப் பற்றிப் பேசினார்கள். பிறகு அந்த மகள் பலகையைக் காட்டி, “என்னமோ எழுதிருக்கே, கண்ணாடி கொண்டாரல. செத்த வாசிம்மா, கேப்போம்” என்றாள்.

அம்மாவின் முகம் செத்துவிட்டது. படிக்கச் சொன்னால் என்னைத்தான் சொல்வார்கள் என்று நான் முன்னால் போய் வாயைத் திறந்தேன். அம்மா என் தோளை அழுத்தி நிறுத்தினாள்.

அத்தை பலகையை ஒருமுறை பார்த்தாள். பிறகு அதற்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்று, சேற்றை நோக்கிக் கையை நீட்டினாள். எல்லோரும் அவள் விரல் போன பக்கம் பார்த்தார்கள். “ஐப்பசியில் வடதேசத்திலிருந்து வரும்” என்று தொடங்கி, கடைசி வரி வரைக்கும் நிறுத்தி நிறுத்திச் சொன்னாள்.

“பாக்காமலே சொல்லுதே” என்றாள் அந்த மகள். “படிச்ச பிள்ளைன்னா படிச்ச பிள்ளைதான்” என்றார் பெரியம்மாள். மகன் முதல் தடவையாக அத்தையைப் பார்த்தார்.

எனக்கு அழுகை வந்தது. இவளுக்குப் படிக்கத் தெரியும், இத்தனை நாளும் தெரியாததுபோல் நடித்து என்னை ஏமாற்றியிருக்கிறாள் என்று முடிவு செய்தேன். திரும்பி வரும் வழியில் அத்தை என் கையைப் பிடித்தாள். உருவிக்கொண்டேன். சித்திரையில் அவளுக்குக் கல்யாணமாகி, கொடைரோட்டுக்குப் போய்விட்டாள். அதற்குள் உள்ளான்களும் போயிருந்தன. குளத்தில் வெடித்த சேறுதான் இருந்தது. ஆனாலும் சாயங்காலம் போய்ப் பலகையைப் படிப்பேன். கேட்க ஆள் இல்லாதபோது என் குரல் எனக்கே பிடிக்கவில்லை. சீக்கிரமே படிப்பதை விட்டுவிட்டேன்.

நான் கல்லூரியில் சேர்ந்த வருஷம், கொடைரோட்டில் அத்தை வீட்டுக்குப் போனேன். கூடத்தில் மாமாவும் பெரியம்மாளும் பேசிக்கொண்டிருந்தார்கள். அத்தை என்னை அடுப்படிக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினாள். இடுப்பிலிருந்து செல்போனை எடுத்து நீட்டினாள்.

“இதுல என்ன வந்திருக்குன்னு படிச்சுச் சொல்லு பாப்பா. மெதுவா. வெளிய கேக்கும்.”

சிலிண்டர் பதிவாகிவிட்டது என்ற செய்திதான். காதோரமாகக் குனிந்து சொன்னேன். தலையாட்டிவிட்டு, அடுத்ததைக் காட்டினாள், அதற்கடுத்ததையும். நிறைய இருந்தன.

பத்தாவது படித்தவளாக அந்த வீட்டுக்குள் போனவள், வந்து நிற்பது எந்த ஊர் பஸ் என்றோ, எது காலை மாத்திரை என்றோ ஒருவரிடமும் வாய்விட்டுக் கேட்டிருக்க முடியாது. அவள் கல்யாணமாகிப் போன அந்தக் கோடை முழுக்க, தனியாக விடப்பட்டவள் நான் மட்டும்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.