அத்தையின் கைநாட்டு

தாளின் ஒரு பக்கத்தில் மட்டும் எழுதி அனுப்பவும் என்று அந்தப் பத்திரிகையில் போட்டிருந்தது. அதைப் படித்துக் காட்டியதும் அத்தைக்குக் கோபம் வந்துவிட்டது.

“மறுபக்கம் இன்னா பாவம் பண்ணுச்சாம்? ரெண்டு பக்கமும் எழுதுடி. படிக்கத் தெரிஞ்சவங்களுக்குத் தாளைத் திருப்பத் தெரியாதா?”

நோட்டு என்னுடையது. அப்பா செங்கம் சந்தைக்குப் புளி கொண்டுபோன நாளில் எனக்காக வாங்கி வந்தது. நான் ஐந்தாவது படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் வீட்டில் எழுதத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். வகுப்பில் ‘உள்ளேன் ஐயா’ சொல்லவே நாக்கு ஒட்டிக்கொள்ளும். அப்படிப்பட்ட என்னைத்தான் அத்தை, அதாவது அப்பாவின் தங்கை, பத்திரிகைக்குக் கட்டுரை எழுத உட்கார வைத்தாள்.

அத்தையைக் காவலூர்ப் பக்கம் பேசி முடித்திருந்தார்கள். எங்கள் ஜவ்வாது மலையில் மாப்பிள்ளை வீடுதான் பெண் வீட்டுக்குப் பரியம் கொடுக்கும். இரண்டு மூட்டை சாமை, ஒரு கிடா என்று பேச்சு. கிடாவோடு வரவேண்டிய மாப்பிள்ளையின் அண்ணன் கையில் ஒரு பத்திரிகையோடு வந்தார். கீழேயிருந்து வந்து இரண்டு நாள் தங்கிப்போன யாரோ ஒருவர் அதில் எங்களைப் பற்றி எழுதியிருந்தார். ‘சாமைக்குப் பெண்ணை விற்கும் மலை’ என்று தலைப்பு. என்னைத்தான் எல்லார் முன்னாலும் படிக்கச் சொன்னார்கள்.

“ஊரே சிரிக்குதுங்க. இனிமே பரியமெல்லாம் கெடையாது. கீழ்நாட்டுல மாதிரி நீங்கதான் பொண்ணுக்கு எதுனா போட்டு அனுப்பணும்” என்றார் அவர். வெட்கப்பட்டதில் அவருக்குச் சாமையும் கிடாவும் மிச்சம்.

அப்பா தலையைச் சொறிந்தார். உள்ளேயிருந்து அத்தையின் குரல் வந்தது. “நான் பதில் எழுதறேன். அச்சுல வந்தப்புறம் வாங்க, பேசிக்கலாம்.”

“கைநாட்டு கட்டுரை எழுதப் போவுதாம்!” என்று அவர் சிரித்துக்கொண்டே இறங்கிப் போனார்.

மூன்று நாள் எழுதினோம். அத்தை சாமை குத்திக்கொண்டே சொல்லுவாள். உலக்கை மேலே போகும்போது ஒரு சொல், கீழே இறங்கும்போது ஒரு சொல். எழுதியதைப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, “நான் சொன்னப்போ சுட்டுச்சே, நீ படிச்சா ஏன்டி ஆறிப்போவுது?” என்பாள். அழித்து மறுபடி எழுதுவேன். உமி ஒட்டாத தாள் ஒன்றுகூட இல்லை.

ஒரு வரியை மட்டும் மூன்று தடவை சொன்னாள். “வாங்குனத திருப்பிக் குடுத்துட்டுப் பொறந்த வூட்டுக்கு வந்துடலாம். குடுத்தத எவன் திருப்பிக் குடுப்பான்?”

வாத்தியாரிடம் ஒரு தடவை காட்டிவிடு என்றார் அப்பா. வாத்தியார் நல்லவர்தான். சிவப்பு மையை எடுத்து, ‘அறியாமை இருளில் வாழும் மலைமக்களாகிய நாங்கள்’ என்று மேலே சேர்த்தார். அத்தை மூன்று தடவை சொன்ன வரியை அடித்தார். “பத்திரிகைக்கு எழுதும்போது பணிவு வேணும் பாப்பா.”

வீட்டில் அவர் சேர்த்ததை மட்டும் வாசித்துக் காட்டினேன். “இருளா? எந்த வூட்ல? எடுத்துப்போடு அத” என்றாள் அத்தை.

அவளுடைய வரி அடிபட்டதைச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. ஆனால் சுத்தமாக எழுதும்போது அந்த இடத்தில் கை நின்றது. அதன் பொருள் எனக்கு விளங்கவில்லை. விளங்காததை அடிக்க நான் யார் என்று தோன்றியிருக்க வேண்டும். சிவப்புக் கோட்டுக்குக் கீழே இருந்ததை அப்படியே எழுதிவிட்டேன். பெரியவர்கள் பேச்சை நான் மீறியது அதுதான் முதல் தடவை. ஒரு வாரம் வகுப்பில் முதுகைக் குறுக்கிக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

கடைசியில் அத்தை சட்டிக் கரியைச் சுரண்டி விளக்கெண்ணெயில் குழைத்தாள். அவள் அதுவரை பார்த்த காகிதங்கள் எல்லாம் கைநாட்டு கேட்ட காகிதங்கள். “இது இல்லாத காகிதம் மலைய விட்டு எறங்காது” என்று, தாளுக்கு ஒன்றாக இடது கட்டைவிரலை அழுத்தினாள். அப்பா செங்கம் போய்த் தபாலில் சேர்த்தார்.

புளி உலுக்கும் காலத்தில் வாத்தியாரே பத்திரிகையோடு வீட்டுக்கு வந்தார். எங்கள் அத்தனை தாளும் சுருங்கி, வாசகர் கடிதத்தில் நாலே வரியாகியிருந்தது. அதில் அவர் அடித்த வரி இருந்தது. வாத்தியார் என்னை ஒரு பார்வை பார்த்தார். கீழே, ‘ஜவ்வாது மலையிலிருந்து ஒரு பெண்’.

நான் படித்து முடித்ததும் அத்தை பக்கத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“என் கைநாட்டு எங்க?”

“அதெல்லாம் அச்சுல வராதும்மா” என்றார் வாத்தியார்.

அத்தை உள்ளே போனாள். சட்டியைக் கவிழ்த்துக் கரி எடுத்து வந்து, ‘ஒரு பெண்’ என்ற எழுத்துக்குப் பக்கத்தில் விரலை அழுத்தினாள்.

“இப்ப கொண்டுபோய்க் காவலூர்ல குடு அண்ணா. ஒரு பொண்ணு இல்ல, இந்தப் பொண்ணுதான்னு சொல்லு.”

காவலூர்க்காரர்கள் கிடாவோடு வரவில்லை. ஊர் பேசியது. “பேசறவங்கள எழுதச் சொல்லு, நானும் எழுதறேன்” என்று அத்தை சாமை குத்திக்கொண்டிருந்தாள். அடுத்த அறுப்புக்குப் பிறகு வேறொருவர், இரண்டு மூட்டையோடும் கிடாவோடும் வந்தார்.

என் கல்யாணத்துக்குள் காலம் மாறிவிட்டது. அப்பா நகை போட்டு என்னைக் கீழே படவேட்டுக்குக் கட்டிக் கொடுத்தார். எல்லாருக்கும் பெருமை, எனக்கும்தான். மூன்றாம் வருஷம் ஒரு நாள், கழுத்திலும் காதிலும் ஒன்றும் மிச்சமில்லாமல், துணி மூட்டையோடு மலைக்குப் போகும் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தேன். இரண்டு தடவை என் கையாலேயே எழுதிய அத்தையின் வரியை அன்றைக்குத்தான் படித்தேன்.