என் கணக்கில் வந்து உட்கார்ந்த இருநூறு ரூபாய்

யுத்த காலம் அது. தறிக்கு நூல் கடையில் கிடைக்காது, சங்கத்தில்தான் அளந்து கொடுப்பார்கள். திருத்தணியில் எங்கள் வீட்டில் இரண்டு தறி ஓடியதால் நானும் நூல் சங்கத்தில் அங்கத்தினன். மாதாமாதம் நூல் விலையை எங்கள் தபாலாபீஸ் சேமிப்பிலிருந்து சங்கமே எடுத்துக்கொள்ளும். அதற்காகப் பாஸ் புத்தகத்தையும், தொகை எழுதாமல் கையெழுத்து மட்டும் போட்ட, பணம் எடுக்கும் பாரம் ஒரு கட்டையும் காரியதரிசியிடம் கொடுத்து வைத்திருந்தோம். எழுதத் தெரிந்தவன் என்ற பெருமையில் நான் இரண்டு பாரம் கூடுதலாகவே போட்டுக் கொடுத்தேன்.

அந்தக் கணக்கில் இருந்தது என் மகள் கல்யாணத்துக்குச் சேர்த்த பணம்.

ஒருநாள் வட்டி ஏறிற்றா என்று பார்க்கப் புத்தகத்தை வாங்கி வந்தேன். வட்டி ஏறியிருந்தது. கூடவே நான் போடாத இருநூறு ரூபாயும் ஏறியிருந்தது.

கள்ள மார்க்கெட்டில் நூல் விற்றவர்களைப் போலீஸ் பிடித்துக்கொண்டிருந்த நேரம். புத்தகத்தை அரிசிப் பானைக்குள் புதைத்தேன். முதலில் அங்கேதான் தேடுவார்கள் என்று தோன்றவே, எடுத்து வேட்டி மடிப்பில் செருகிக்கொண்டேன். வாசலில் சைக்கிள் மணி கேட்டதும் கொல்லைக்கு ஓடினேன். வந்தவர் தபால்காரர்.

"இன்னாங்க, திருடிகினு வந்தவன் மாதிரி நிக்கிறீங்க?" என்றாள் மனைவி.

விஷயத்தைச் சொன்னேன். "ஜெயில்ல களிதான் போடுவாங்களாம்" என்றேன்.

"இங்க மட்டும் தெனம் பாயசமா? எடுத்துகினு சங்கத்துக்குப் போங்க."

காரியதரிசி புத்தகத்தைப் பார்த்துச் சிரித்தார். "அட, இது பொதட்டூர்பேட்டைக்காரர் பணம், பாவா! அவர் தறில நெஞ்ச லுங்கிக்குக் கூலி. உங்க பேரு, உங்க நைனா பேரு ரெண்டுமே அவருக்கும். நம்ம கணக்கு எழுதறவன் மாத்திப் போட்டுட்டான்."

எங்கள் பக்கத்தில் அது சுலபம். மலைமேல் இருப்பவர் பெயரை வைக்காத வீடு இல்லை. அப்பாவுக்கு ஒன்று, பிள்ளைக்கு ஒன்று என்று அவர் பெயர்களையே மாற்றி மாற்றி வைப்போம்.

"நீங்க அலைய வேணாம். உங்க பாரந்தான் இருக்குதே, நாங்களே எடுத்துக்கிறோம்" என்று பெட்டியைத் திறந்தார்.

போலீஸ் பயம் போய்விட்டது. அந்த இடத்தில் அதைவிடப் பெரியது வந்து உட்கார்ந்தது. மாற்றிப் போட்டவர்கள் மாற்றி எடுக்க மாட்டார்களா? பள்ளிப்பட்டிலும் ஒருவர் என் பெயரில் இருப்பார். அவர் வாங்கும் நூலுக்கு என் மகள் கல்யாணம் போய்விடும்.

"நானே எடுத்துக் குடுக்கிறேன். ரசீது போடுங்க. எம் பாரமெல்லாம் திருப்பிக் குடுத்துடுங்க."

"சங்கத்தையே நம்பலியா பாவா?"

"சங்கத்த நம்பறேன். எம் பேரைத்தான் நம்பல. அது ஊர் ஊரா சுத்திகினு கீது."

"பாரம் இல்லன்னா ரொக்கத்தோட வந்து வரிசைல நிக்கணும்."

"ஆங், நிக்கிறேன்."

பெட்டியை மூடிவிடுவாரோ என்ற பயத்தில் அதன் மூடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். நான் சண்டைக்கு நிற்கிறேன் என்று நினைத்தாரோ என்னவோ, அவர் பாரக் கட்டை எடுத்து நீட்டினார்.

மறுநாளே பணத்தை எடுத்து, சங்கத்தில் பொதட்டூர்பேட்டைக்காரர் முன்னால் கட்டி, ரசீது வாங்கினேன். என் கையெழுத்துகள் அத்தனையும் அடுப்பில் எரிந்து வெந்நீர் காய்ந்தது.

அதன்பின் மாதந்தோறும் மடியில் ரொக்கத்துடன் வரிசையில் நின்றேன். பின்னால் நிற்பவர்கள் கேலி செய்வார்கள். காரியதரிசி என் பெயரைக் கூப்பிட்டதும் ஒருமுறையாவது உடனே முன்னால் ஓடியிருப்பேனா? "எந்த ஊர்க்காரர்?" என்று கேட்டு, பதில் வந்த பிறகுதான் மடியை அவிழ்ப்பேன்.