பதினான்கு அடி கினிசப்பு

கூடத்துக்கும் பின்னறைக்கும் நடுவே இருந்த சுவரை எடுத்துவிட வேண்டும் என்று அக்காதான் சொன்னாள். கட்டுகஸ்தோட்டையில் ஆற்றைப் பார்த்த ஒரு மேட்டில் எங்கள் வீடு. கல்யாணம் செய்துகொள்ளாத சகோதரிகள் நாங்கள் இருவர் மட்டும். நான் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறேன். அக்கா முப்பது வருஷமாகத் தைக்கிறாள். ஆற்றுப் பக்கத்து வெளிச்சம் அந்தச் சுவரோடு நின்றுவிடுகிறது என்று, பகலிலும் விளக்கைப் போட்டுத்தான் ஊசியில் நூல் கோத்தாள்.

வேலைக்கு வந்த தச்சு பாஸ் சிங்களவர். எங்களோடு தமிழிலேயே பேசுவார். சுவர் போனால் கூரையைத் தாங்க ஓர் உத்தரம் வேண்டும், ஒட்டுப் போடாமல் ஒரே மரத்தில் பதினான்கு அடி என்றார். பலகை அடித்து மறைக்கட்டுமா என்றும் கேட்டார். அக்கா வேண்டாம் என்றாள். கண்ணுக்குத் தெரியப்போகிற மரம், நேராக இருந்தால் போதும்.

இரண்டு சனிக்கிழமை, மரம் அறுத்து விற்கிற மரக்காலை மரக்காலையாக அலைந்தோம். நீளமானவை கோணல்; நேரானவை குட்டை. கடைசியில் அக்குறணையில் ஒரு மரக்காலை முதலாளி, நாங்கள் நானா என்று கூப்பிட்டவர், பின்கொட்டகைக்குக் கூட்டிப்போனார். அறுத்து அதிக நாளாகாத கினிசப்பு மரங்கள் அடுக்கியிருந்தன. மஞ்சளும் பச்சையும் கலந்த நிறம். வெளியே தூறல். கொட்டகையே அந்த ஈர வாசனையில் மிதந்தது.

அக்கா ஒவ்வொரு மரத்தின் முனையிலும் குந்தி, ஒரு கண்ணை மூடி, துணியின் ஓரத்தைப் பார்ப்பதுபோல நெடுகப் பார்த்தாள். மூன்றைத் தள்ளிவிட்டாள். நாலாவதில் வெகுநேரம் இருந்தாள். பிறகு என்னையும் பார்க்கச் சொன்னாள். குனிந்தேன். விளிம்பு ஒரே கோடாகப் போய்க்கொண்டே இருந்தது. அது முடிகிற இடத்தில் வாசல், அதற்கப்பால் மழை. எங்கே இருக்கிறேன் என்பதே ஒரு கணம் மறந்துபோயிற்று.

ஈரம் இருக்கிறது, ஒரு மாதமாவது காயவிட்டு ஏற்றுங்கள் என்றார் நானா.

லொறி எங்கள் படிக்கட்டு ஏறாது. நாலு பேர் தோளில் தூக்கி வந்து, கூடத்தின் நடுவே கற்கள்மேல் கிடத்தினார்கள். ஐந்து வாரம் அங்கேயே கிடந்தது. மழை விட்டுவிட்டுப் பெய்தது. அதைத் தாண்டித் தாண்டி நடந்தோம். பள்ளி விட்டு வந்து நான் அதன் பக்கத்தில் பாய் போட்டுப் படுப்பேன். அந்த வாசனை தூக்கத்துக்குள்ளும் வரும். வீடு மெல்லக் கழன்று, ஆற்றில் இறங்கி, சத்தமில்லாமல் போவதுபோலக் கனவு. விழித்தால் அக்காவின் மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்.

பாஸ் வருவதற்கு முதல்நாள் அக்கா மறுபடி குந்திப் பார்த்தாள். எழுந்திருக்கவில்லை. நூல்கட்டையைக் கேட்டாள். மரத்தின் ஒரு முனையில் நூலைக் கட்டி, மறுமுனைவரை இழுத்துப் பிடித்தாள். நடுவில் நூலுக்கும் மரத்துக்கும் இடையே என் சுண்டுவிரல் நுழைந்தது.

"என் கண்ணு போச்சுடி," என்றாள்.

அன்று அவள் மெஷினில் உட்காரவில்லை. கண்ணைப் பற்றிய பயம் அவளுக்குள் நெடுநாளாக இருந்திருக்கிறது. பகலில் விளக்குப் போட்டதற்குச் சுவர் மட்டும் காரணமில்லை என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது.

மறுநாள் நான்தான் பாஸிடம் சொன்னேன். அவர் மரத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு அக்காவைக் கூப்பிட்டார்.

"வாங்குற நாள் நேராத்தான் இருந்திருக்கும் அக்கா. உங்க கண் சரி. காயுற நேரம் இழுத்து வளைஞ்சிருக்கு."

மேடான பக்கத்தை மேலே வைத்தால் ஓட்டின் பாரம் அதைக் கொஞ்சங் கொஞ்சமாக இறக்கிவிடும் என்றும் சொன்னார்.

"நெசமாவா சொல்றீங்க?" என்றாள் அக்கா. உத்தரத்தைப் பற்றிக் கேட்கவில்லை என்பது அவருக்கும் புரிந்திருக்க வேண்டும். ஓமென்று தலையாட்டினார்.

கூரைக்கு முட்டுக் கொடுத்து, சுவரை உடைத்து, உத்தரத்தை ஏற்ற மூன்று நாள் ஆனது. தூசி அடங்கியபோது வெளிச்சம் முன்வாசல்வரை வந்திருந்தது. அடுத்த வாரம் அக்காவைக் கண்டியில் ஒரு கண் டொக்டரிடம் கூட்டிப்போனேன். கண்ணாடி போட்டால் போதும் என்றார்.

கண்ணாடி போட்டு வந்தவள் உத்தரத்தை அண்ணாந்து பார்த்து, இன்னும் கொஞ்சம் மேடு இருக்கிறது என்றாள். குரலில் கவலை இல்லை. இப்போதும் ஞாயிறு பிற்பகல்களில் அதன் கீழே படுக்கிறேன். பச்சை நிறம் மெதுவாகத் தவிட்டு நிறமாகிக்கொண்டு வருகிறது. பக்கத்தில் அக்கா யாருடைய பிள்ளைக்கோ வெள்ளைச் சீருடை தைக்கிறாள்.