மிளகாய் வேருக்குள் பூஞ்சை

அந்த வருடம் என் கணவர், நன்றாக நின்ற மிளகாய்ச் செடிகளைப் பிடுங்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். வேரைத் தண்ணீரில் அலசி, வெயிலில் தூக்கிப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். "பூசணம் ஏறுச்சா இல்லையான்னு தெரியலயே" என்பார். கண்ணுக்குத் தெரியாது, மைக்ராஸ்கோப்பில் வைத்தால்தான் தெரியும் என்று எவ்வளவு சொன்னாலும், மறுநாள் இன்னொரு செடி வரப்பில் வாடிக் கிடக்கும்.

முந்தைய வருடம் வரை அவர் சிவகாசிப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் மருந்து கலக்கும் வேலையில் இருந்தார். வெடிக்குள் போகும் கலவைக்கும் எங்கள் ஊரில் மருந்து என்றுதான் பெயர். தீபாவளி சீசனில் ஒருநாள் பக்கத்து அறை வெடித்தது. இவர் வெளியே நின்றிருந்ததால் காயமில்லை. உள்ளே இருந்த இருவரும் தினமும் இவரோடு உட்கார்ந்து சாப்பிட்டவர்கள். அடக்கத்துக்குப் போய் வந்தவர், அதன் பிறகு வேலைக்குப் போகவில்லை.

நான் விருதுநகரில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ். சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பவரைத் தனியே விட்டுவிட்டு டியூட்டிக்குப் போக எனக்குப் பயமாக இருந்தது. மல்லாங்கிணறு பக்கம் அப்பா எனக்குத் தந்த கரிசல் நிலமும் ஒரு போர்வெல்லும் இருந்தன. மிளகாய் போடலாம் என்று நான்தான் சொன்னேன்.

அந்த மண்ணில் வாடல் நோய் வரும் என்று அக்கம்பக்கத்தில் எச்சரித்தார்கள். சூலக்கரையில் உள்ள வேளாண் அலுவலகத்துக்குப் போய் விசாரித்தோம். அங்கிருந்த வேளாண் அதிகாரி, எங்களைவிட வயதில் சின்னப் பெண், வேர்ப் பூஞ்சையைப் பற்றிச் சொன்னாள்.

"நாத்தங்கால்லயே போடுங்க சிஸ்டர். வேருக்குள்ள போயி குடியிருக்கும். மணிச்சத்தும் தண்ணியும் இழுத்துக் குடுக்கும், செடிகிட்ட இருந்து சர்க்கரை வாங்கிக்கிடும். மொதல்ல செடி இதையும் வேத்தாளாத்தான் நெனைக்கும். கொஞ்சம் எதுத்துப் பாத்துட்டு விட்டுரும். ஆனா அந்த உஷாரு தங்கிரும். பிறகு நோயோ புழுவோ வந்தா சட்டுனு எதுத்து நிக்கும்."

"அப்ப நோயே வராதா?" என்று கேட்டார் என் கணவர்.

"அப்படிச் சொல்ல மாட்டேன் சார். தாங்கும், அம்புட்டுதான். வேர்ல பூசணக்கொல்லிய ஊத்திட்டீகன்னா இதுவும் செத்துரும். இலைச் சுருட்டு மாதிரி வைரஸ் நோய்க்கு இத நம்பாதீங்க."

பூஞ்சை போட்டு வளர்த்த நாற்றை நிலத்தின் கிழக்குப் பாதியில் நட்டோம். நாற்று போதவில்லை. பூஞ்சை போடாத நாற்றை வெளியில் வாங்கி மேற்குப் பாதியில் நட்டோம்.

கார்த்திகையில் மழை விடாமல் பெய்தது. மேற்கே செடிகள் பகலில் தலை தொங்கின, பிறகு நிமிரவே இல்லை. ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஆராதனை முடிந்து நான் நேரே தோட்டத்துக்குப் போனபோது, அவர் பூசணக்கொல்லியை டிரம்மில் கலக்கிக்கொண்டிருந்தார்.

"எங்கன ஊத்தப் போறீக?"

"எல்லாத்துக்கும்."

"கிழக்க நல்லாத்தான இருக்கு. ஊத்துனா பூசணம் செத்துரும்னு அந்தப் பொண்ணு சொல்லுச்சுல்ல."

"நேத்து வரைக்கும் மேக்கயும் நல்லாத்தான் இருந்துச்சு."

"ரெண்டு நாள் பொறுத்துப் பாப்போம்."

அவர் கையிலிருந்த குச்சியைக் கீழே வைத்துவிட்டு வரப்பில் உட்கார்ந்தார்.

"அன்னைக்கும் பொறுத்துத்தான் பாத்தேன். சன்னல்ல லேசாப் புகை தெரிஞ்சுச்சு. தூசியா இருக்கும்னு நெனச்சு நின்னேன். ஒரு சத்தம் குடுத்திருந்தா ரெண்டு பேரும் வெளிய வந்திருப்பாக."

அதுவரை அவர் இதைச் சொன்னதே இல்லை. நான் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். பிறகு, "மேக்க மட்டும் ஊத்துங்க. அந்தத் தண்ணி கிழக்க வராம மறிச்சிருவோம்" என்றேன். இருவருமாக மண்வெட்டி எடுத்து நடுவில் கரை போட்டோம்.

மேற்கில் பாதிக்கு மேல் போய்விட்டது. கிழக்கில் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில செடிகள் சாய்ந்தன, மற்றவை நின்றன. புழு கடித்த இலைகளும் அந்தப் பக்கம் குறைவு. எல்லாம் பூஞ்சையால்தான் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். கிழக்கு கொஞ்சம் மேடும்கூட.

நிம்மதி தை மாதம் வரைதான். வெள்ளை ஈ வந்தது, பின்னாலேயே இலைச் சுருட்டு. செழித்து நின்ற கிழக்குப் பக்கம்தான் அதிகம் சுருண்டது. அதிகாரிக்குப் போன் செய்தேன். சுருண்ட செடிகளைப் பிடுங்கி எரிக்கச் சொன்னாள். பிடுங்கிக் குவித்தோம். அவர் தீப்பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். என்னிடம் நீட்டினார். அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு என்னாலும் கொளுத்த முடியவில்லை. குழி வெட்டி எல்லாவற்றையும் புதைத்தோம்.

மிச்சம் நின்றதில் பங்குனி வரை பழம் எடுத்தோம். அடுத்த நாற்றுக்கும் அந்தப் பூஞ்சையைப் போடலாமா என்று கேட்டதற்கு, "போடுவோம்" என்றார்.

அடுத்த நடவு முடிந்த பிறகு, எங்கள் ஆஸ்பத்திரிக்கு வரும் மனநல டாக்டரைப் பார்க்க ஒருமுறை சம்மதித்து வந்தார். அரை மணி நேரம் உள்ளே இருந்தார். என்ன பேசினார் என்று நான் கேட்கவில்லை. மறுபடி வரச் சொல்லியிருக்கிறார்கள். "களையெடுப்பு முடியட்டும்" என்கிறார். களையெடுப்பு முடிந்து நாளாகிவிட்டது.