ஹார்லனின் புல்கரை

மழை விட்டதும் வெர்னா கிளெம்ப் வண்டியை எடுத்துவிடுவாள். ஓடைப் பாலத்தில் நின்று கயிற்றில் பாட்டிலை இறக்கி, கலங்கல் நீரை மொண்டு ஆய்வுக்கூடத்துக்கு அனுப்புவாள். விஸ்கான்சினில் அந்த மாவட்ட அலுவலகத்தில் பதினொரு வருஷமாக அவளுக்கு இதுதான் வேலை. கணவன் இறந்த அன்றும் மழை. ஏட்டில் அந்த ஒரு நாள் மட்டும் காலி.

ஓடைக்கரையை உழாமல் புல்லாக விட்டால் அரசு மானியம் தந்தது. வயலின் எரு மழையோடு ஓடையில் இறங்குவதைப் புல் தடுக்கும் என்று நம்பினார்கள். எருவிலிருந்து நீரில் கலக்கும் பாஸ்பரஸ் அளவு, ஓய்வு பெறுமுன் ஒருதடவையாவது இறங்கிப் பார்த்துவிட வேண்டும் என்றிருந்தாள் வெர்னா. அது அசையவில்லை. இந்த வருஷம் மேலிடம் கேட்டது: மானியத்தால் பலன் உண்டா? இல்லையென்றால் நிறுத்திவிடுவார்கள்.

வெள்ளிக்கிழமை மீன் வறுவலுக்கு மதுக்கடையில் கூட்டம். மானியத்துக்கு முதலில் கையெழுத்துப் போட்ட விவசாயி ஹார்லன் டியூஷர், எழுபது வயது, அவளைப் பார்த்ததும் கத்தினார்.

"வந்துட்டாப்பா! கிளாஸை ஒளிச்சு வைங்க, பாட்டில்ல புடிச்சுட்டுப் போயிருவா."

"உங்க கிளாஸைச் சோதிச்சா மெஷின் மயங்கி விழுந்துரும்," என்றாள். பிறகு கேட்டாள்: "மானியத்துக்கு முன்னாடி அந்தக் கரையில என்ன போட்டிருந்தீங்க?"

"என்னத்தப் போட? எங்கப்பா காலத்துலேருந்து புல்லுதான். காகிதத்தை நீட்டுனீங்க, கையெழுத்துப் போட்டேன்."

மானியப் பட்டியலில் இருந்த மற்ற மூவரும் அதையேதான் சொன்னார்கள். ஓடையின் மேல்பக்கத்தில் இரண்டாயிரம் மாடுகள் வைத்திருந்த பண்ணை விண்ணப்பிக்கவே இல்லை.

உள்ளதை எழுதினாள். மாற்றம் இல்லை, ஏற்கெனவே புல் விட்டவர்களுக்கே மானியம் போயிருக்கிறது, அந்தப் புல் போய்விடக் கூடாது, மானியம் மற்றவர்களைத் தேடிப் போக வேண்டும். மேலிடம் முதல் வரியோடு படிப்பதை நிறுத்திக்கொண்டது. மானியமும் நின்றது.

ஏப்ரலில் ஹார்லன் தண்ணீர் விளிம்புவரை உழுதுகொண்டிருந்தார். வெர்னா வண்டியை நிறுத்தினாள்.

"இத்தனை காலம் சும்மாதானே விட்டிருந்தீங்க?"

"அப்ப சும்மா விட்டேன். அப்புறம் நீங்களா வந்து காசு குடுத்தீங்க. இப்ப பிரயோஜனமில்லைன்னு நீயே எழுதிட்ட. நான் மட்டும் கேணயனா?"

"அப்படி எழுதல, ஹார்லன்."

"வந்த லெட்டர்ல அப்படித்தான் இருக்கு."

மற்ற மூவரும் உழுதார்கள். மே மாதப் பெருமழைக்குப் பிறகு எடுத்த நீரில் பாஸ்பரஸ் ஏறக்குறைய இரண்டு மடங்கு. வெர்னா மேலிடத்துக்குத் தொலைபேசினாள்.

"ஆய்வு முடிஞ்சிருச்சே மேடம்," என்றது ஓர் இளங்குரல். "இந்த நம்பரை எங்க சேக்கறதுன்னு எனக்குத் தெரியல."