எண்ணூற்று எழுபது டிகிரி

கல்யாணப் பேச்சு நடந்தபோது, மாப்பிள்ளைக்கு என்ன வேலை என்று என் சித்தப்பா கேட்டார். "எரிமலைக் குழம்புக்குச் சூடு பார்க்கிற வேலை" என்றார் தரகர். "சமையல்காரரா?" என்று சித்தப்பா திருப்பிக் கேட்டதைச் சொல்லி எங்கள் குடும்பத்தில் இன்றைக்கும் சிரிப்பார்கள். எனக்கு மட்டும் இப்போது சிரிப்பு வருவதில்லை.

என் கணவருக்கு அலுவலகத்தில் 'கம்பி' என்று பெயர். எரிமலைக் கண்காணிப்பு நிலையத்தில் வெப்பம் அளப்பவர். ஆள் உயரத்துக்கு மேல் நீளமான இரும்புக் கம்பி, அதன் நுனியில் சூட்டை உணரும் முனை, மறுமுனையில் எண் காட்டும் பெட்டி. வெள்ளி நிற அங்கியை மாட்டிக்கொண்டு, ஓடுகிற குழம்பில் கம்பியைச் செருகிப் பிடிக்க வேண்டும். கல்லே உருகி ஓடுகிறது என்றால் என்ன சூடு இருக்கும், யோசித்துப் பாருங்கள். பூமிக்கு அடியில் ஆயிரத்து இருநூறு டிகிரி வரை கொதிப்பது, வெளியே வந்து காற்றுப் பட்டதும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும். குறையக் குறையக் கெட்டிப்பட்டு நடை தளரும். சூடு தெரிந்தால், அது ஓடுமா ஊருமா என்று சொல்லிவிடலாம். கீழே குடியிருப்பவர்களின் உயிர் அந்த எண்ணில்தான் இருக்கிறது.

இதில் ஒரு சூது உண்டு. கம்பி உள்ளே போனதும் அதன் குளிர்ச்சியில் சுற்றியிருக்கும் குழம்பு உறைந்து ஓடு கட்டிவிடும். பெட்டியில் எண் ஏறி, ஓரிடத்தில் நிற்கும். அது வெறும் ஓட்டின் சூடு. முகம் வெந்தாலும் அசையாமல் பிடித்துக்கொண்டிருந்தால் ஓடு திரும்ப உருகும், எண் மறுபடி ஏறும். அப்போதுதான் உண்மை தெரியும். "முதல்ல நிக்கிற எண்ண நம்பாதீங்க" என்று புதிதாக வருகிறவர்களிடம் வாய் வலிக்கச் சொன்னவர் இவர். ஊருக்குத்தான் உபதேசம்.

மலை பிளந்துகொண்ட அன்று இவர் மேலே இருந்தார். சரிவின் அடியில் இவருடைய அக்கா வீடு. எனக்கு அண்ணி. அண்ணியின் கணவருக்கு இடுப்புக்குக் கீழே அசைவில்லை. வருஷக்கணக்காகப் படுக்கைதான்.

அண்ணி போன் செய்தார். "தம்பி, தெருவே காலியாகுது. எதிர்வீட்டுக்காரர் வேன்ல எங்களையும் ஏறச் சொல்றாரு. மாமாவைத் தூக்கினா வலியில கத்துறாரு. இருக்கலாமா, கிளம்பணுமாடா?"

"கொஞ்சம் பொறு அக்கா, பார்த்துச் சொல்றேன்."

கீழே வேன் நிற்கிறது, அக்கா காத்திருக்கிறாள். அவசரத்தில் அண்டாவிலும் கை நுழையாது என்பார்கள். எண் எண்ணூற்று எழுபதில் நின்றது. இவர் கம்பியை உருவிவிட்டார். பட்டப்பகல் வெளிச்சத்தில் குழம்பும் மங்கலாகத்தான் தெரிந்ததாம். மேலே கறுத்த தோல் வேறு.

"கெட்டியா இருக்குக்கா, ஊர்ந்துதான் வரும். ஆம்புலன்ஸ் அனுப்பச் சொல்றேன். அதுவரைக்கும் மாமாவை வதைக்காதே."

வேன் போய்விட்டது. இவர் மறுபடி கம்பியைச் செருகி, இந்தமுறை பொறுமையாக நின்றார். ஆயிரத்து நூற்றைம்பது. பதறிப்போய் போன் செய்தால் இணைப்பு அறுந்திருந்தது.

ஆம்புலன்ஸுக்கு முன்னால் குழம்பு தெருவுக்குள் வந்துவிட்டது. அண்ணி ஒருத்தரால் அந்த உடம்பை வாசல்வரைதான் இழுக்க முடிந்தது. "நீ போ" என்று அண்ணியின் கணவரே கையை உதறிவிட்டாராம்.

விசாரணையில் கருவிக் கோளாறு என்று முடித்துவிட்டார்கள். இவர் வாயைத் திறக்கவில்லை. என்னிடம் மட்டும் எல்லாவற்றையும் சொல்லி, தன் சுமையை என் தலையில் இறக்கி வைத்தார். அண்ணி இப்போது எங்களோடுதான் இருக்கிறார். "அந்தக் கருவி நாசமாப் போக" என்று சபித்துக்கொண்டே தம்பிக்குப் பழம் நறுக்கிக் கொடுப்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

போன வாரம் துணி மடித்துக்கொண்டிருந்தபோது அண்ணி தானாகவே பேச ஆரம்பித்தார். "அவரு வேன்ல ஏறிடலாம்னு கெஞ்சினாரும்மா. வலிச்சா வலிக்கட்டும்னாரு. என் தம்பி சொல்லிட்டான், பேசாம படுங்கன்னு நான்தான் அதட்டினேன். நான்தாம்மா அவரைக் கொன்னேன்."

இவர் கதவருகில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். நான் இவர் முகத்தையே பார்த்தேன். இப்போதாவது சொல்லித் தொலையுங்கள் என்று கண்ணாலேயே கெஞ்சினேன்.

"விதிக்கா. யாரு என்ன செய்ய முடியும்?" என்றார் இவர்.

அன்றிலிருந்து நான் இவருக்குச் சாப்பாடு போடுவதில்லை. அண்ணிதான் பக்கத்தில் உட்கார்ந்து, "இன்னும் கொஞ்சம் சாப்பிடுடா" என்று பரிமாறுகிறார்.