அவள் ஏன் தட்டவில்லை

இன்று காலை வகுப்பில் நடந்தது.

குற்றாலம் ரோட்டில் ஒரு மாடியில் பெண்களுக்கு ஜியு-ஜிட்சு என்கிற தற்காப்பு மல்யுத்தம் சொல்லிக்கொடுக்கிறேன். அங்கே புதிதாக ஒருத்தி வருகிறாள். எந்த ஊர் என்று கேட்காதீர்கள். வீட்டில் வேறு ஏதோ வகுப்பு என்று சொல்லியிருக்கிறாளாம்.

இன்றைய பாடம், எதிராளியின் வயிற்றின் மேல் ஏறி உட்கார்ந்து, காலரைக் குறுக்காகப் பிடித்துக் கழுத்தை இறுக்குவது. கீழே கிடப்பவர் முடியவில்லை என்றால் கையால் தட்ட வேண்டும். தட்டிய நொடியே மேலே இருப்பவர் விட்டுவிட வேண்டும். முதல் நாளே இதைத்தான் சொல்லிக்கொடுப்பேன்.

அவளைக் கீழே படுக்கவைத்து மெதுவாக இறுக்கினேன். தட்டுவாள் என்று கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். கை அசையவே இல்லை. அப்புறம்தான் முகத்தைப் பார்த்தேன். கண்ணை மூடி, முகமெல்லாம் கறுத்துப்போய்க் கிடந்தாள். பதறிப்போய்ப் பிடியை விட்டேன்.

"ஏட்டி, கிறுக்கா புடிச்சிருக்கு ஒனக்கு? ஏன் தட்டல?" என்று கத்தினேன்.

இருமி முடித்துவிட்டுச் சொன்னாள்: "கைய அசைச்சா இன்னும் இறுக்குவாவக்கா. சும்மா கெடந்தாத்தான் அவிய சீக்கிரம் விடுவாவ."

எங்கள் பக்கத்தில் பெண்கள் புருஷனைத்தான் 'அவிய' என்பார்கள். வகுப்பில் பாதிப்பேர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மேலே ஏறி இறுக்குவதை அவளுக்கு நான் சொல்லிக்கொடுத்துவிடுவேன். தட்டினால் விட வேண்டும் என்பதை 'அவிய'ளுக்குச் சொல்லிக்கொடுக்கிற மாடி நம்ம ஊரில் எங்கே இருக்கிறது? தெரிந்தவர்கள் கமெண்டில் சொல்லுங்கள்.